கோடி பேருக்கு ஆறின கஞ்சி

கண்ணுக்குத் தெரியாத எதுவும் இந்த உலகத்தில் இதுவரை ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்து முடித்ததில்லை என்று, நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் காலை ஆறு ஐம்பத்திரண்டு வண்டிக்காக நின்றிருந்த பதினோரு பேர் முன்னிலையில் கோதண்டம் அறிவித்தார். அது தொண்ணூற்று மூன்றாம் வருடத்துப் புரட்டாசி. வண்டி வழக்கம்போல ஏழு இரண்டுக்குத்தான் வந்தது. ஆகவே அறிவிப்புக்கு விளக்கவுரை வழங்கவும் அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது.

கோதண்டம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்டர். போலீசில் அல்ல, போல்ட்டில். ஒரு போல்ட் கம்பெனியில் நூற்றுக்குப் பத்து எடுத்து வெர்னியரில் அளந்து, ஒரு முடி அளவு தடித்திருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. இருபத்தாறு வருடம் இந்த அதிகாரத்தைச் செலுத்தியதில், அளக்க முடியாத பொருள் என்று எதுவும் கிடையாது, அப்படி ஏதாவது இருந்தால் அது பொருளே கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"கரண்டு?" என்றார் கங்காதரன். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ், அதே வண்டி. கோதண்டம் சொல்வதை முதலில் மறுப்பது, பிறகு ஒப்புக்கொள்வது, பிறகு அம்பத்தூர் முழுக்கப் பரப்புவது, இதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

"பல்பு எரியுதே, கண்ணு தெரியல உனக்கு?"

"காத்து?"

"வேர்வை ஆறுதே. லுங்கி பறக்குதே."

"அப்ப சாமி, மாமே?"

பூக்கூடையோடு நின்றிருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். கோதண்டம் ஒரு நிமிடம் யோசித்தார்.

"அவரு மேனேஜ்மெண்டு," என்றார். "வேலை செய்யறது அவரு டிபார்ட்மெண்ட் இல்ல."

பதினோரு பேரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் காரணம், முந்தின நாள் சாயங்காலம் அவர் மனைவி வடிவு வெங்காயம் உரித்தபடியே சொன்ன ஒரு சின்ன விஷயம். "மாமா, என் நெலத்துக்கு நுண்ணுயிர் போடப் போறேன்."

வடிவு அவருக்கு மாமன் மகள். கல்யாணத்தின்போது ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் அவள் பேரில் எழுதி வந்தது. நெல் விளைந்தது, வேர்க்கடலை விளைந்தது, ஒரு வருடம் யாரும் கேட்காமலே பூசணி விளைந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வீடு கட்ட ஆரம்பித்தபோது கோதண்டத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. மேல்மண்ணைச் சூளைக்காரனுக்குக் கொடுத்தால் அவன் அதைச் செங்கல்லாகத் திருப்பித் தருவான். நிலம் எங்கேயும் ஓடிவிடாது. மூன்றடி இறங்கும், அவ்வளவுதானே. லாரி வந்தது, மண் போனது, செங்கல் வந்தது. மற்றவர்கள் நிலத்தின் மேல் வீடு கட்டுவார்கள். கோதண்டம் நிலத்தையே எடுத்து வீடாகக் கட்டினார். இரண்டு அறை, ஒரு ஹால், மேலே சிமெண்டு போட்ட மொட்டைமாடி.

நிலம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அடியில் வெளிறிய சவுடு. வெயிலில் வெடிக்கும், மழையில் சோப்பாகும். இரண்டு வருடம் யூரியாவாகக் கொட்டிப் பார்த்தார்கள். முதல் வருடம் கோரை வந்தது. இரண்டாவது வருடம் கோரையும் வரவில்லை. ஊர் ஆடுகள் அந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ துக்க வீட்டுக்கு வந்ததுபோலத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பும்.

அந்தப் பள்ளம் ரயிலிலிருந்து நன்றாகத் தெரியும். கோதண்டம் எப்போதும் வண்டியின் எதிர்ப்பக்கம்தான் உட்காருவார். கேட்டால் வெயில் என்பார். மழை நாளிலும் அதையே சொல்வார்.

இந்த நேரத்தில்தான் ஜம்புலிங்கம் வந்தார். பள்ளத்தை ரொப்பி, மஞ்சள் கல் நட்டு, மனை போட்டு விற்கிறவர். 'ஸ்ரீ ஜம்புலிங்கா நகர், இரண்டாவது விரிவு' என்று போர்டே எழுதித் தயாராக வைத்திருந்தார். முதல் விரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தலைவரே, அண்ணி ஒரு கையெழுத்து போட்டா போதும். பள்ளம் ரொம்பிடும், மனசும் ரொம்பிடும்," என்றார்.

கோதண்டத்துக்குப் பள்ளம் கண்ணைவிட்டு மறைந்தாலே போதும் என்றிருந்தது. வடிவு மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"கார்த்திகை வரைக்கும் டைம் குடு மாமா. மார்கழில எவனும் ரிஜிஸ்தர் பண்ண மாட்டான். கார்த்திகை கடைசிக்குள்ள என் நெலம் இடுப்பு ஒசரத்துக்குப் பச்சையா நிக்கணும். நிக்கல, நானே கையெழுத்துப் போடறேன். நீ கேக்கவே வாணாம்."

வடிவு சொன்னால் சொன்னதுதான். அவள் அப்பாவும் அப்படித்தான். அதனாலேயே அவரோடு ஊரில் யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

நுண்ணுயிர் யோசனை செலினுடையது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் செலின், பூந்தமல்லியில் வேளாண்மை டிப்போவில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தால் நேராக வடிவின் அடுப்படிக்குத்தான் வருவாள். அடுத்த ஞாயிறு வரும்போது சாப்பாட்டுக் கூடையில் ஐந்து பாக்கெட்டுகளை ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கையளவு. உள்ளே கரித்தூள்போல ஏதோ கருப்பாக இருந்தது.

கோதண்டம் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"ஐயோ, அண்ணாத்தே, வெயில்ல காட்டாதீங்க. உயிரு கீது உள்ள."

"அடுப்புக்கரிக்கு உயிரா?"

"கரி அவங்க குந்தறதுக்குப் போட்ட பாயி. இதுல ஒரு கிராமுல மட்டும் கோடி பேரு கீறாங்க."

"கோடி பேரா! ரேஷன் கார்டு கீதா?"

"சிரிங்க, சிரிங்க. இவங்க வேருக்குள்ள போயி ஊடு கட்டிகினு, காத்துல கீற சத்தை இஸ்து செடிக்குக் குடுப்பாங்க. செடி அவங்களுக்குச் சக்கரை குடுக்கும். வாடகைன்னு வெச்சுக்கங்களேன். அப்பால செடிய மடக்கி உழுதா, அந்தச் சத்து மண்ணுக்கு. உங்க நெலத்துல செத்துப் போனது இவங்கதான். லாரி ஏத்தி அனுப்பிட்டீங்க."

"நான் அனுப்பினது மண்ணு."

"மண்ணு வெறும் மண்ணுன்னு நெனச்சீங்க பாருங்க, அதான்."

கோதண்டத்துக்கு இந்த வாக்குவாதம் போன திசை பிடிக்கவில்லை. "எண்ணிப் பாத்தது யாரு?" என்று கேட்டார். கம்பெனியில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனையோ சப்ளையர்கள் தலை குனிந்திருக்கிறார்கள்.

செலின் குனியவில்லை. வடிவிடம் திரும்பி முறையைச் சொன்னாள். பசுந்தாளுக்குத் தக்கைப்பூண்டு விதை. அரிசிக் கஞ்சி, தண்ணியா. நல்லா ஆறணும். ஆறின கஞ்சியில் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கி, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும்.

"கோடி பேருக்குக் கஞ்சி ஊத்தறாங்கப்பா எங்க ஊட்ல!" என்று மறுநாள் பிளாட்பாரத்தில் கோதண்டம் அறிக்கை விட்டார். "ஆறித்தான் குடிப்பாங்களாம். சூடா இருந்தா நாக்கு பொத்துடுமாம்."

அதிலிருந்து தினமும் அறிக்கைதான். பாக்கெட்டுகளுக்கு வடிவு தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் ஈரச்சாக்கு போட்டிருக்கிறாள் என்றார். தனக்கு ஃபேன் கிடையாது, அவர்களுக்குக் குளிர்ச்சி என்றார். ஆவடி தாண்டுவதற்குள் மொத்தப் பெட்டியும் சிரிக்கும். "விருந்தாளிங்கல்லாம் சௌக்கியமா மாமே?" என்று கங்காதரன் ஏறும்போதே கேட்பார். கோதண்டம் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒருத்தருக்கு மட்டும் லேசா ஜலதோஷம்," என்பார்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு விதைக்க நாள் குறித்தார்கள். சனிக்கிழமையே உழுதாகிவிட்டது. வானம் கருத்துக்கொண்டு வந்தது. காலை ஏழு மணிக்கு வடிவு கஞ்சியை இறக்கிவைத்த நேரம், சென்னீர்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. அவளுடைய பெரியம்மா போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்கள்.

வடிவு முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, கஞ்சிப் பானையைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் கோதண்டத்தைப் பார்த்தாள்.

"மாமா, மழை வந்துட்டா இந்த வாரமே போச்சு. நீதான் செய்யணும். உன் காலுல வுழறேன், கிண்டல் பண்ணிகினு கெடுத்துடாத."

"நானா கெடுப்பேன்? வேலைன்னு வந்துட்டா நான் யாரு?"

"அதான் பயமா கீது," என்று சொல்லிவிட்டு வடிவு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோதண்டம் அன்றைக்கு எதையும் கெடுக்க நினைக்கவில்லை. நம்பிக்கை இல்லாத வேலையையும் நறுவிசாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம். சட்டையைக் கழற்றிவைத்தார். பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கஞ்சி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. கோதண்டம் தலையை ஆட்டிக்கொண்டார். கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பசையை அவர் இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறார். கொதிக்கக் கொதிக்கத் தடவினால்தான் பிடிக்கும். ஆறின பசையில் ஒட்டின லேபிள் லாரி ஏறுவதற்குள் உரிந்துவிடும். பாவம், பெண்பிள்ளைகளுக்கு இது எங்கே தெரியும்!

கஞ்சியை மறுபடி அடுப்பில் ஏற்றினார். தளதளவென்று கொதித்து அடி லேசாகப் பிடிக்கும்வரை விட்டார். இறக்கின கையோடு நான்கு பாக்கெட்டுகளைக் கொட்டிக் கலக்கினார். ஐந்தாவது அநாவசியம் என்று பட்டது, சாக்கின்மேலேயே விட்டுவிட்டார். விதையைக் கொட்டிப் புரட்டினார். என்ன ஒரு ஒட்டல்! ஒவ்வொரு விதையும் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு பளபளவென்றிருந்தது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலில் அரை மணி என்றால் வெயிலில் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டு, மொட்டைமாடியில் பரப்பினார். சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. திருப்தியாக இருந்தது. பதினொரு மணிக்கு விதைத்து முடித்துவிட்டு வந்து, ஒரு டீ போட்டுக் குடித்தார்.

கோடி பேரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். சென்னீர்குப்பத்தில் ஒரு சாவுக்கு அழுதுகொண்டிருந்த வடிவுக்கு அது தெரியாது.

அவள் நாலு மணிக்குத் திரும்பி, கிணற்றடியில் தலை முழுகி, ஈரத் தலையோடு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் பானை தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மீந்திருந்த ஐந்தாவது பாக்கெட்டையும் பை அடியில் கிடந்த இரண்டு படி விதையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பழைய சோற்றுத் தண்ணீரில் கலந்து, ஹாலில் நிழலில் உலர்த்தி, மேற்கு வரப்பு ஓரமாக ஒரு பட்டையில் அவளே விதைத்துவிட்டு வந்தாள். விதைத்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

"மீந்தத வீணாக்குவானேன்," என்றாள்.

மழை நன்றாகப் பெய்தது. ஏரி ரொம்பியது. நிலத்தில் விதை முளைத்து, ஒரு சாண் வந்து, அங்கேயே நின்றது. அதற்குமேல் போக மனமில்லாததுபோல மஞ்சளாக நின்றது. கோதண்டம் பிளாட்பாரத்தில் வெற்றி அறிக்கை வாசித்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"சொன்னே மாமே. நேர்ல ஒரு தபா காட்டேன்," என்றார் கங்காதரன்.

கார்த்திகை முதல் ஞாயிறு அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஐந்து வருடத்தில் கோதண்டம் அந்தப் பள்ளத்தில் தானாகப் போய் நின்றது, விதைத்த நாளை விட்டால், அன்றைக்குத்தான். கங்காதரன் மஞ்சள் செடிகளைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு கையை நீட்டி, "அது இன்னா மாமே?" என்று கேட்டார்.

மேற்கு வரப்பு ஓரம் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, தொடை உயரத்துக்கு நின்றிருந்தது. கத்தியால் கீறிப் பிரித்ததுபோல இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை.

கோதண்டம் கிட்டே போனார். மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று பிடுங்கினார். மஞ்சளின் வேர் வெறும் நூலாக இருந்தது. பச்சையின் வேர் முழுக்க மிளகு கோத்ததுபோல உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது.

"கட்டி!" என்றார் கங்காதரன். "சீக்கு வந்துடுச்சு மாமே, பாவம்."

கோதண்டத்துக்குத் தெம்பு திரும்பியது. இரண்டு செடியையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு நேராகச் செலின் வீட்டுக்குப் போனார். கங்காதரனும் கூடவே போனார். இப்படிப்பட்ட காட்சியை அவர் தவறவிடுவாரா?

"தோ பாரும்மா, உன் கோடி பேரு என் பயிருக்குக் கட்டி வர வெச்சிட்டாங்க."

செலின் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு உருண்டையைக் கிள்ளி, நகத்தால் இரண்டாகப் பிளந்து நீட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த தண்ணீர்போல நிறம்.

"கட்டி இல்ல அண்ணாத்தே. ஊடு. உள்ள ஆளு குடி வந்து அடுப்பு பத்த வெச்சாச்சு. இந்தக் கலரு வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்." பிறகு மஞ்சள் செடியை எடுத்து வேரைத் தடவினாள். அவள் முகம் மாறியது. "இதுல ஒருத்தரும் இல்லியே. ஒரே டிப்போ, ஒரே தேதி பாக்கெட்டு. கஞ்சி சூடா இருந்துச்சா?"

"சேச்சே."

"வெயில்ல காய வெச்சீங்களா?"

கங்காதரன் கோதண்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா? நெழல்லதான்," என்றார் கோதண்டம்.

அந்த வாரம் கம்பெனியில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரே விதை. ஒரே மண். ஒரே மழை. விதைத்த கை மட்டும் வேறு. இரண்டு சாம்பிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பு எங்கே என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். புதன்கிழமை ஒரு சப்ளையர் வந்து, "சார், எங்க பக்கம் எல்லாம் கரெக்டா செஞ்சோம் சார்," என்று கெஞ்சியபோது, கோதண்டம் வழக்கமான வசனத்துக்கு வாயைத் திறந்தார். வந்தது வேறு. "ஹீட் ட்ரீட்மெண்ட்ல ஏதாச்சும் ஆயிருக்கும், வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருப்பா," என்றார். அப்படிச் சொன்னதும் தனக்கே என்னவோ போலாகி, பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

சொல்லிவிடலாம். ஆனால் யாரிடம்? வடிவிடம் சொன்னால் வருடக்கணக்கில் கேட்க வேண்டியிருக்கும். அதைக்கூடத் தாங்கலாம். பிளாட்பாரத்தை எப்படித் தாங்குவது? ஒன்றரை மாதமாக அறிக்கை விட்டவர், கோடி பேரைக் கொதிக்கவைத்துக் கொன்றது நான்தான் என்று அந்தப் பதினோரு பேர் முன்னால் எப்படி நிற்பது? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கையெழுத்து விழும், பள்ளம் ரொம்பும், ரயிலில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஜம்புலிங்கம் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். அதன்மேல் அக்ரிமெண்ட். வாசலில் நின்ற மூன்று சக்கர வண்டியில் மஞ்சள் கல் நாற்பது. சாட்சிக் கையெழுத்துக்குக் கங்காதரன், சலவைச் சட்டையில்.

"நெலத்த ஒரு தபா பாத்துட்டு வந்துடலாமா, அண்ணி?" என்றார் ஜம்புலிங்கம், மரியாதைக்கு.

"இன்னாத்துக்கு? நான்தான் தெனம் பாக்கறேனே," என்றாள் வடிவு. "ஓரத்துல ஒரு பட்டை இடுப்புக்கு வந்துடுச்சு. மத்ததெல்லாம் சாண் ஒசரம்தான். நான் சொன்னது மொத்த நெலம். பேனாவ குடுங்க."

ஜம்புலிங்கம் பேனாவின் மூடியைத் திறந்தே கொடுத்தார்.

வடிவு தரையில் உட்கார்ந்து காகிதத்தை மடிமேல் பலகை வைத்துப் பரப்பினாள். அவளுக்குக் கையெழுத்துப் போட நேரமாகும். ஒவ்வொரு எழுத்தையும் முதலில் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தில் போடுவாள். 'வ' வந்தது. 'டி' என்று கொக்கி இழுத்தாள். அவள் கண் ஈரமாக இல்லை. இருந்திருந்தால் கோதண்டம் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பார். அழுகிற பொம்பளை முன்னால் வாயடைத்து நிற்க அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படுகிறவளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கஞ்சிய நான்தான் கொதிக்க வெச்சேன்," என்றார்.

பேனா நின்றது.

"கஞ்சியா? எந்தக் கஞ்சி தலைவரே?" என்றார் ஜம்புலிங்கம்.

"ஆறினத திரும்ப அடுப்புல ஏத்தி கொதிக்க வெச்சேன். அதுல பாக்கெட்ட கொட்டினேன். மொட்டைமாடில வெயில்ல காய வெச்சேன். செலின் கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன். இது மெட்டீரியல் தப்பு இல்ல. ஆபரேட்டர் தப்பு." கடைசி வாக்கியத்தைக் கோதண்டம் கங்காதரனைப் பார்த்துச் சொன்னார். "தப்பா செஞ்ச சாம்பிள வெச்சிகினு மொத்த லாட்ட ரிஜெக்ட் பண்ணக்கூடாது. டெஸ்டே செல்லாது."

கங்காதரனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இத்தனை வருட ரயில் பயணத்தில் இவ்வளவு பெரிய சரக்கு அவருக்குக் கிடைத்ததில்லை.

"தெரியும்," என்றாள் வடிவு.

"இன்னா தெரியும்?"

"பானை அடி தீஞ்சி கெடந்துச்சே. ஆறின கஞ்சி எங்கனா அடி பிடிக்குமா? சாவு ஊட்டுல இருந்து வந்து அத்த தேய்ச்சதே நான்தான்."

"தெரிஞ்சிகினேவா கையெழுத்து போட குந்தின?"

"நெலம் பச்சையாவல. ஏன் ஆவலன்னு நான் சொன்னா, புருசன் மேல பழிய போட்டு டபாய்க்கறாள்னு சொல்லுவீங்க. நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்." பேனாவைப் பார்த்தாள். "இன்னொரு எழுத்து கூட வெயிட் பண்ணியிருப்பேன். அதுக்கு மேல எங்கிட்ட எழுத்து இல்ல."

ஜம்புலிங்கத்துக்கு இந்தக் கஞ்சி விவகாரத்தின் சட்டபூர்வமான முக்கியத்துவம் பிடிபடவில்லை. "தலைவரே, கல்லு வண்டில ஏத்தினது ஏத்தினதுதான். வண்டிக்காரன் வெயிட்டிங்குல கீறான்," என்றார்.

"மார்கழி முடியட்டும்," என்றார் கோதண்டம். "தை பொறந்ததும் வா."

"வந்தா?"

"டீ வாங்கித் தரேன்."

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் என்ன நடந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. வண்டி அன்றைக்கு இருபது நிமிடம் தாமதம். ரயில்வேக்கு ஒரு மனசாட்சியும் கிடையாது. கங்காதரன் விறகடுப்பு, பானை, ஆவி எல்லாவற்றையும் கைகளாலேயே வரைந்து காட்டினார். "மாமே, கோடி பேரு! வரலாத்துலயே இத்தினி பேர ஒரே பானைல போட்டவன் எவனும் இல்ல!" என்றார். பூக்காரம்மாள் சிரித்ததில் ஒரு பந்து கதம்பம் கீழே விழுந்தது. கோதண்டம் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தபடி நின்றார். அம்பத்தூரில் இறங்கி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார்.

டிப்போவில் செலின் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார். கவுண்டரில் வேறொருவர் இருந்தார்.

"தக்கைப்பூண்டுக்குப் போடறது. அஞ்சு பாக்கெட்டு," என்றார் தாழ்ந்த குரலில், ஏதோ தகாத சமாச்சாரம் கேட்பதுபோல. பிறகு, "தேதி பாத்துக் குடுங்க," என்றார். ஐந்தையும் கைக்குட்டையில் சுற்றினார். கைக்குட்டை காய்ந்திருந்தது. டிப்போ வாசல் குழாயில் நனைத்துப் பிழிந்து, மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்தார்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஆவடி வண்டி உச்சி வெயிலில் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின்மேல் மட்டும் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"குந்து நைனா, எடம் கீதே," என்றார் கண்டக்டர்.

கோதண்டம் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல. நிக்கறேன்."

"ஆவடி வரைக்கும் நிப்பியா? வயசானவரு. குந்து சொல்றேன்."

"சூடு ஆவாது."

"இன்னா, மூலமா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோதண்டம் அவர்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

வண்டி கிளம்பியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு உடம்புச் சூடு படுமே என்று தோன்றவே, கையை நீட்டிச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். தோள் வலித்தது. சென்னீர்குப்பத்தில் வண்டி திரும்பியது. ஜன்னல் வழியாக வெயில் அவர் நின்ற பக்கம் வந்து விழுந்தது. கோதண்டமும் மெதுவாகத் திரும்பி, முதுகை வெயிலுக்குக் கொடுத்து நின்றார்.